1,52,184: எங்கள் பிள்ளைகள் ஓர் எண்ணைப் பற்றிக் கேட்ட கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே சாட்ஸ்வொர்த்தில், கோயில் கூடம் ஒன்றில் சனிக்கிழமை காலை தமிழ் வகுப்பு நடத்துகிறேன். வாரநாட்களில் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பதுதான் என் தொழில். நவம்பர் 16ஆம் தேதி, நம் முன்னோர் கரையிறங்கிய நாள் என்பதால், வகுப்புப் பிள்ளைகள் கூடத்து வாசலில் ஒரு பலகை எழுதி வைத்தார்கள். நடுவில் பெரிதாக 152184 என்று இருந்தது. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். "டீச்சர், இது என்ன மாதிரி எண்?" என்றான். வரலாற்றைச் சொல்லத் தொடங்கினேன். "அது தெரியும் டீச்சர். எண்ணைக் கேட்கிறேன்" என்றான்.

அதற்குப் பிறகு அவனைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும், பிள்ளைகளைப் பார்த்துப் பெற்றோர்களும் கேட்கத் தொடங்கினார்கள். அடிக்கடி வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

இந்த எண் எங்கிருந்து வந்தது?

1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து 'பெல்வெடேர்' வந்தது. அதிலிருந்து 1911 வரை 384 கப்பல் பயணங்களில் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்தவர்கள் 1,52,184 பேர் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாக வந்த தமிழரும் தெலுங்கரும். பெரும்பாலோரைக் கரும்புத் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். ரயில் பாதைக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் போனவர்களும் உண்டு.

வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துப் பேரேட்டில் எழுதினார்கள். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள தழும்பு அல்லது மச்சம். பெயரை எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதினார். பல பெயர்களை இன்று அடையாளம் காண முடியவில்லை. எண் மட்டும் தெளிவாக இருக்கும். அதனால் இங்கே குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் முதலில் கேட்பதே "உங்கள் நம்பர் என்ன?" என்றுதான்.

மொத்தக் கணக்கு சில நூல்களில் கொஞ்சம் மாறியும் வரும். நான் அதிகம் பார்த்த எண்ணை எடுத்துக்கொண்டேன்.

இதை எப்படி எழுதுவது? 1,52,184 என்றா, 152 184 என்றா?

இந்தியாவில் படித்தவர்கள் லட்சத்துக்குப் பிறகு ஒரு காற்புள்ளி, ஆயிரத்துக்குப் பிறகு ஒரு காற்புள்ளி போட்டு 1,52,184 என்று எழுதுவார்கள். தென்னாப்பிரிக்கப் பள்ளிகளில் காற்புள்ளிக்கு வேறு வேலை. இங்கே அது தசமக் குறி. 1,5 என்றால் ஒன்றரை. எனவே மூன்று மூன்று இலக்கமாக இடைவெளி விட்டு 152 184 என்று எழுதுகிறோம். இரண்டும் சரி. எந்த ஊர் வாசகருக்கு எழுதுகிறோம் என்று பார்த்து எழுதினால் போதும்.

வாயால் சொல்லும்போதும் அதே வேறுபாடு வரும். "ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரத்து நூற்றெண்பத்து நான்கு" என்று நான் சொன்னால் பிள்ளைகள் விழிப்பார்கள். லட்சம் என்ற சொல் இங்கே புழக்கத்தில் இல்லை. அவர்களுக்கு அது நூற்று ஐம்பத்திரண்டு ஆயிரம். இதைத் தப்பு என்று நானும் ஒரு காலத்தில் திருத்திக்கொண்டிருந்தேன். பழைய தமிழ் எண்குறிகளில் எழுதிப் பார்த்த அன்றுதான் நிறுத்தினேன்:

௱௫௰௨௲௱௮௰௪

௱ என்பது நூறு. ௫௰ என்பது ஐந்து பத்து, அதாவது ஐம்பது. அப்புறம் ௨. இவ்வளவும் சேர்ந்து 152. அதை அடுத்து ௲, ஆயிரம். பிறகு ௱ நூறு, ௮௰ எண்பது, ௪ நான்கு. படித்துப் பாருங்கள்: நூற்று ஐம்பத்திரண்டு ஆயிரத்து நூற்று எண்பத்து நான்கு. சாட்ஸ்வொர்த் பிள்ளை சொன்னது அப்படியே பழைய தமிழ்க் கணக்குக் குறியில் இருக்கிறது. லட்சத்துக்குத் தனிக் குறி இல்லை. நூறாயிரம் என்றே எழுதினார்கள். இடமதிப்பு முறையில் எழுதினால் ௧௫௨௧௮௪ என்று ஆறு குறிகளில் முடிந்துவிடும்.

எந்தெந்த எண்ணால் மீதியில்லாமல் வகுபடும்?

சின்ன எண்களை மனக்கணக்கிலேயே பார்த்துவிடலாம். கடைசி இலக்கம் 4, ஆகவே இரட்டை. கடைசி இரண்டு இலக்கம் 84, அது 4-ஆல் வகுபடும். கடைசி மூன்று இலக்கம் 184, அதாவது 8 × 23. எனவே முழு எண்ணும் 8-ஆல் வகுபடும். இலக்கங்களைக் கூட்டினால் 1+5+2+1+8+4 = 21. 21 மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது, எண்ணும் அப்படியே. 5-ஆல் வகுபடாது. 7-ஆல் வகுத்தால் மீதி 4. 11-ஆல் வகுத்தால் மீதி 10.

8, 3 இரண்டும் சரியென்றால் 24-ஆலும் வகுபடும். 152184 ÷ 24 = 6341. இந்த 6341-இல்தான் பிள்ளைகள் மாட்டிக்கொண்டார்கள். பார்த்தால் பகா எண் மாதிரியே இருக்கும். 5, 7, 11, 13 எதற்கும் மசியாது. 17-க்கு மசியும்.

17-ஆல் வகுபடுமா என்று சுலபமாகப் பார்க்க முடியுமா?

முடியும். கடைசி இலக்கத்தை எடுத்து ஐந்தால் பெருக்கி, மிச்சமுள்ள எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். வருகிற எண் 17-ஆல் வகுபட்டால் தொடங்கிய எண்ணும் வகுபடும்.

15218 − 20 = 15198
1519 − 40 = 1479
147 − 45 = 102
10 − 10 = 0

பூச்சியம் வந்துவிட்டது, வகுபடும். 51 என்பது 17-இன் மூன்று மடங்கு என்பதால்தான் இந்த வழி வேலை செய்கிறது. ஏன் என்று ஒரு தாளை எடுத்து நீங்களே யோசித்துப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

அப்படியானால் பகாக் காரணிகள் எவை?

152184 = 2 × 2 × 2 × 3 × 17 × 373

பகா எண் என்றால் ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண். வேறு எந்தப் பகா எண்களை எடுத்துப் பெருக்கினாலும் 152184 வராது. வரிசையை மாற்றலாம், ஆட்களை மாற்ற முடியாது. எல்லா எண்ணுக்கும் இது பொருந்தும். அதனால் ஓர் எண்ணைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் செய்வது அதைப் பகாக் காரணிகளாகப் பிரிப்பதுதான்.

373 பகா எண்தான் என்று எப்படி நம்புவது?

நம்ப வேண்டாம், செய்து பார்க்கலாம். நாங்கள் சுகர் பீன்ஸ் வைத்துச் செய்தோம். ஒரு பொட்டலத்தை உடைத்து 373 விதைகளை எண்ணி, நீளமான மேசைமேல் கொட்டினேன். சமமான வரிசைகளாக அடுக்க வேண்டும், ஒரு விதைகூட மிஞ்சக்கூடாது. ஏழு ஏழாக அடுக்கியவர்களுக்கு இரண்டு விதை மிஞ்சியது. பதினொன்று பதினொன்றாக அடுக்கியவர்களுக்குப் பத்து. பதின்மூன்றுக்கு ஒன்பது. பத்தொன்பது வரிசை வரை முயன்றார்கள். அதற்கு மேல் வேண்டாம் என்றேன். 20 × 20 = 400 என்பதால், 20-ஐவிடப் பெரிய வகுத்தி ஒன்று இருந்தால் அதற்குச் சோடியாக 20-ஐவிடச் சிறியது ஒன்று ஏற்கெனவே அகப்பட்டிருக்கும். கடைசியில் ஒரு சிறுமி எல்லா விதைகளையும் ஒரே வரிசையாகக் கூடத்து வாசல் வரை நீட்டிவிட்டாள். 373-க்கு அந்த ஒரு வழிதான் உண்டு.

எனக்கு 373-மேல் தனிப் பிரியம். முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றுதான். அதற்குள் அடுத்தடுத்து இருக்கிற இலக்கங்களை எப்படி வெட்டி எடுத்தாலும் பகா எண்தான் வரும்: 3, 7, 37, 73, முழுசாக 373. இந்தக் குணம் உள்ள எண்கள் மொத்தமே ஒன்பது: 2, 3, 5, 7, 23, 37, 53, 73, 373. இவற்றுள் மிகப் பெரியது 373. நான்கு இலக்கத்தில் ஒன்றுமே கிடையாது. எண்கள் முடிவில்லாமல் போய்க்கொண்டிருக்க, இந்த வரிசை 373-ஓடு நின்றுவிடுகிறது. அது நம் முன்னோர் கணக்கில் காரணியாக உட்கார்ந்திருப்பதைக் கண்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மொத்தம் எத்தனை வகுத்திகள்?

32. 2-ஐ எடுக்காமல் விடலாம், ஒன்று, இரண்டு அல்லது மூன்று முறை எடுக்கலாம்: நான்கு வழி. 3, 17, 373 ஒவ்வொன்றையும் எடுக்கலாம், விடலாம்: இரண்டிரண்டு வழி. 4 × 2 × 2 × 2 = 32.

இத்தனை பேரையும் செவ்வகமாக நிறுத்தினால் சதுரத்துக்கு மிக நெருங்கி வருவது 373 வரிசை, வரிசைக்கு 408 பேர்.

32 என்பது அதிகமா?

இந்த அளவு எண்ணுக்கு அதிகம் என்று சொல்ல முடியாது. 32 வகுத்திகள் உள்ள மிகச் சிறிய எண் 840, மூன்றே இலக்கம். தனக்கு முந்திய எல்லா எண்ணையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களைக் கும்பகோணத்துச் சீனிவாச ராமானுஜன் 1915இல் வெளிவந்த நீண்ட கட்டுரையில் ஆராய்ந்தார். அந்த வரிசையில் நம் எண்ணுக்குக் கீழே இருப்பது 1,10,880. அதற்கு 144 வகுத்திகள். மேலே இருப்பது 1,66,320, அதற்கு 160. நம் எண் இரண்டுக்கும் நடுவில் 32-ஓடு நிற்கிறது. காரணம் 373தான். ஒரு பெரிய பகா எண் உள்ளே வந்தால், சின்னச் சின்னக் காரணிகளுக்கு இடம் குறைந்துவிடும்.

இது செவ்விய எண்ணா?

இல்லை. தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் அதே எண் வருவது செவ்விய எண். 6-க்கு 1+2+3 = 6. அடுத்தவை 28, 496, 8128. அதற்குப் பிறகு 3,35,50,336 வரை ஒன்றும் இல்லை.

நம் எண்ணின் வகுத்திகளைத் தன்னைத் தவிர்த்துக் கூட்டினால் 2,51,736 வருகிறது. எண்ணைவிடக் கூட்டுத்தொகை பெரிது, ஆகவே இது மிகையெண். இதில் பெரிய வியப்பு இல்லை. 6-ஐத் தாண்டிய ஆறின் மடங்குகள் எல்லாமே மிகையெண்கள்தான்.

சந்தைத் தராசுக் கணக்கு என்று சொன்னீர்களே, அது என்ன?

இந்த எண்ணுக்குள் நான் கண்ட குணங்களில் 373-க்கு அடுத்து எனக்குப் பிடித்தது இது. 1948இல் ஏ. கே. ஸ்ரீநிவாசன் என்பவர் ஒருவகை எண்களுக்குப் பெயர் வைத்தார். தமிழில் நடைமுறை எண் எனலாம். ஓர் எண்ணின் வகுத்திகளை எடைக்கற்களாக வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வோர் எடையிலும் ஒரே ஒரு கல். அவற்றை வைத்து அந்த எண்ணுக்குக் குறைந்த எந்த எடையையும் நிறுக்க முடிந்தால் அது நடைமுறை எண்.

12-க்குக் கற்கள் 1, 2, 3, 4, 6, 12. ஐந்து கிலோ வேண்டுமா, 4+1. பதினொன்று வேண்டுமா, 6+4+1. எல்லாம் வரும். 10-க்குக் கற்கள் 1, 2, 5, 10. நான்கு கிலோ நிறுக்க முடியாது. ஆகவே 12 நடைமுறை எண், 10 அல்ல.

152184 நடைமுறை எண். அதன் 32 கற்களைக் கொண்டு 1-இலிருந்து 1,52,183 வரை எதையும் நிறுக்கலாம். பிள்ளைகளுக்கு நான்கு எண்கள் கொடுத்தேன். நம் கதையிலேயே உள்ள எண்கள். அவர்கள் கண்டுபிடித்த விடைகள்:

342 = 204 + 136 + 2
384 = 204 + 136 + 34 + 8 + 2
1860 = 1492 + 204 + 136 + 24 + 4
1911 = 1492 + 408 + 8 + 3

வலப்பக்கம் உள்ள ஒவ்வொன்றும் 152184-இன் வகுத்தி. 1492 மட்டும் புதிதாகத் தெரியும். அது 4 × 373. வேறு வழியிலும் இந்த எண்களைக் கட்டலாம். முயன்று பாருங்கள்.

வர்க்க எண்ணா? முக்கோண எண்ணா?

இரண்டும் இல்லை. 390 × 390 = 1,52,100. நம் எண் அதைவிட 84 கூட. 391-இன் வர்க்கம் 1,52,881, தாண்டிப் போய்விடுகிறது. முக்கோண எண் என்றால் 1, 2, 3 என்று வரிசையாகக் கூட்டி வருவது. 1 முதல் 551 வரை கூட்டினால் 1,52,076. 552-ஐயும் சேர்த்தால் 1,52,628. நடுவில் விழுகிறது.

இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா? ராமானுஜனின் 1729 மாதிரி இரண்டு கனங்களாக?

இரண்டு வர்க்கங்களாக முடியாது. நான்கால் வகுத்தால் மீதி 3 வருகிற பகா எண் எதுவும் காரணிகளில் ஒற்றைப்படை முறை வரக்கூடாது என்பது விதி. இங்கே 3 ஒரே ஒரு முறை வந்து கதவை அடைத்துவிடுகிறது. 24-ஐ வெளியே எடுத்துவிட்டால் மிச்சமிருக்கும் 6341-க்கு இரண்டு வழி உண்டு: 79² + 10², 65² + 46².

மூன்று வர்க்கங்கள் என்றால் முடியும்: 388² + 38² + 14². கூட்டிப் பாருங்கள், 1,50,544 + 1,444 + 196.

கனங்களுக்கு வருவோம். 1729 என்ற டாக்சி எண்ணை ராமானுஜன் இரண்டு வழியில் இரண்டு கனங்களின் கூட்டல் என்று ஆங்கிலக் கணித அறிஞர் ஹார்டியிடம் சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும். நம் எண்ணுக்கு ஒரு வழிகூட இல்லை. காரணம் சுருக்கமானது. எந்தக் கன எண்ணையும் 9-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 8 ஆகிய மூன்றில் ஒன்றுதான். இவற்றில் எந்த இரண்டைக் கூட்டினாலும் மீதி 0, 1, 2, 7, 8 என்றுதான் வரும். நம் எண்ணின் இலக்கக் கூட்டல் 21, எனவே 9-ஆல் வகுத்தால் மீதி 3. வாய்ப்பே இல்லை. 46-இன் கனத்தோடு 38-இன் கனத்தைக் கூட்டினால் 1,52,208. வெறும் 24 தூரத்தில் இருக்கிறது. அவ்வளவு கிட்ட வந்தாலும் தொடாது என்று ஒரு பக்கம்கூடப் பெருக்காமல் முன்கூட்டியே சொல்ல முடிகிறது. கணக்கில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

ட்ரூரோவின் 342-க்கு ஏதாவது விசேஷம் உண்டா?

இரண்டு உண்டு. ஒன்று, 342 = 18 × 19. அடுத்தடுத்த இரண்டு எண்களின் பெருக்கல். இன்னொன்று, 7 × 7 × 7 = 343; அதில் ஒன்று குறைந்தால் 342.

இந்த இரண்டாவதைக் காட்டச் சீனிக் கட்டிகள் வாங்கி வந்தேன். கீழே ஏழுக்கு ஏழாக 49 கட்டிகள். அதன்மேல் இன்னொரு 49. இப்படி ஆறு அடுக்குகளுக்கு 294. ஏழாவது அடுக்குக்கு 48 கட்டிகள்தான் மிச்சம். மேல் மூலையில் ஓர் இடம் காலி. கட்டிகளின் ஓரம் உதிர்ந்து மேசையெல்லாம் சீனித்தூள். பிள்ளைகள் மூச்சுவிடாமல் சுற்றி நின்றார்கள். பின்வரிசையில் இருந்த சிறுமி மெல்லத் தன் ஆள்காட்டி விரலை நீட்டி அந்தக் காலி மூலையில் வைத்தாள். "இது யார் டீச்சர்?" என்றாள். கணக்கில் அதற்கு விடை இல்லை. அவர்களை இங்கே கொண்டுவந்தது சீனி என்று மட்டும் சொன்னேன்.

ஒரு கப்பலுக்குச் சராசரியாக எத்தனை பேர்?

152184 ÷ 384: ஈவு 396, மீதி 120. தசமத்தில் மிகச் சரியாக 396,3125. முடிவில்லாமல் நீளாமல் நான்கு இடத்தோடு நின்றுவிடுவதற்குக் காரணம் உண்டு. இரண்டு எண்ணுக்கும் பொதுவான 24-ஐ நீக்கினால் 6341 ÷ 16 ஆகிறது. கீழே 2-இன் அடுக்கு மட்டும் இருந்தால் தசமம் கட்டாயம் முடியும்.

சராசரியை வைத்து ஒரு கப்பலைக் கற்பனை செய்யாதீர்கள். தொடக்ககாலப் பாய்மரக் கப்பலும் பிற்கால நீராவிக் கப்பலும் ஒன்றல்ல. 1866 முதல் 1874 வரை ஒப்பந்தக் கூலிகள் வருவதே நின்றிருந்தது.

1860-ஐ வைத்து ஒரு விளையாட்டு காட்டினீர்களாம்?

ஆமாம். மகாராஷ்டிரத்தில் தேவ்லாலி என்ற ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்த டி. ஆர். காப்ரேகர் கண்டுபிடித்தது. நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக்கூடாது. இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக எழுதி, அதிலிருந்து சிறியதிலிருந்து பெரியதாக எழுதியதைக் கழியுங்கள். விடையை வைத்து மறுபடி அதையே செய்யுங்கள்.

8610 − 0168 = 8442
8442 − 2448 = 5994
9954 − 4599 = 5355
5553 − 3555 = 1998
9981 − 1899 = 8082
8820 − 0288 = 8532
8532 − 2358 = 6174

6174-க்கு வந்துவிட்டால் அப்புறம் நகராது. எந்த எண்ணில் தொடங்கினாலும் அதிகபட்சம் ஏழு படிகளில் 6174-க்கு வந்து சேரும். 1860 அந்த ஏழு படிகளையும் எடுத்துக்கொள்கிறது. 1911-க்கு ஆறு படி போதும்; அதை வீட்டுப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஹர்ஷத் எண்ணா?

இல்லை. இதுவும் காப்ரேகர் வைத்த பெயர். தன் இலக்கக் கூட்டலால் வகுபடும் எண். 152184 ஆனது 21-ஆல் வகுபடாது. 342 ஹர்ஷத் எண் (342 ÷ 9 = 38), 1860-உம் அப்படியே (1860 ÷ 15 = 124).

கூட்டினால் 3 வருகிறதே, இது ராசியான எண்ணா?

பெரியவர்கள் இருவர் கேட்டார்கள். மூன்றில் ஓர் எண்ணுக்கு இலக்கக் கூட்டல் கடைசியில் 3, 6 அல்லது 9 என்று முடியும். மூன்றால் வகுபடும் என்பதைத் தவிர அதிலிருந்து நான் எதையும் எடுக்க மாட்டேன். கரும்புத் தோட்டத்தில் உழைத்தவர்களின் வாழ்க்கையை ராசி என்ற சொல்லில் அடக்க எனக்கு மனம் வரவில்லை.

எழுத்தர் ஒருவரை விட்டிருந்தால்? ஒருவரை இரண்டு முறை எழுதியிருந்தால்?

எல்லாம் மாறிவிடும். அதை முழுசாகப் பார்க்கத்தான் ஒரு சனிக்கிழமையையே செலவிட்டோம்.

ஒன்று கூட்டினால் 1,52,185 = 5 × 11 × 2767. வகுத்திகள் எட்டு மட்டுமே. மிகையெண்ணாக இருந்தது குறைவெண் ஆகிவிடும். தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டல் வெறும் 47,111.

ஒன்று குறைத்தால் 1,52,183. இது பகா எண்ணா? 390-க்கு உட்பட்ட பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அவை 77. அன்று வகுப்புக்கு வந்திருந்தவர்கள் பதினொரு பேர். ஆளுக்கு ஏழு என்று பிரித்துக் கொடுத்தேன். கால்குலேட்டரை மூடி வைக்கச் சொன்னேன், நெடுவகுத்தல்தான்.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, முதலில் இந்தக் கேள்வியைக் கேட்ட அதே பையன் கையைத் தூக்கினான். "டீச்சர், 17-ஆல் பார்க்கவே வேண்டாம். 152184 வகுபடுகிறதே. அதற்கு ஒன்று முன்னால் இருப்பது எப்படி வகுபடும்?" என்றான். சரியான பேச்சு. அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு 1-ஐத் தவிரப் பொதுவான வகுத்தி இருக்கவே முடியாது. ஆகவே 2, 3, 17, 373 நான்கும் கழிந்தன. 77 என்பது 73 ஆயிற்று. 373 பங்காகக் கிடைத்திருந்தவன் நிம்மதியாகப் பென்சிலைக் கீழே வைத்தான்.

மற்றவர்கள் வகுத்தார்கள். வெளியே அர்ச்சனைக்கு மணி அடித்தது, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. 211-க்கு மீதி 52. 317-க்கு மீதி 23. 389-க்கு மீதி 84. ஒவ்வொருவராக முடித்துவிட்டு "மீதி இருக்கு, மீதி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். 73 வகுத்தலிலும் மீதி இருந்தது. 1,52,183 பகா எண். இந்த அளவு எண்களில் ஏறத்தாழப் பன்னிரண்டுக்கு ஒன்றுதான் பகா எண்ணாக இருக்கும். அந்த ஒன்று நம் எண்ணுக்குப் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறது.

பேரேட்டில் ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் பெரிதாக என்ன ஆகிவிடும் என்று சிலர் கேட்பதுண்டு. 32 வகுத்திகள், 8 வகுத்திகள், 2 வகுத்திகள். இந்த மூன்று எண்களையும் ஒரே பலகையில் எழுதி வைத்திருக்கிறோம்.

எங்கள் குடும்பத்து எண்ணுக்கும் இப்படிப் பார்க்க முடியுமா?

முடியும். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுத்துலி ஆவண மையத்தில் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. தாத்தா ஆயாவின் பழைய பிறப்பு, திருமணச் சான்றிதழ்களிலும் சில நேரம் எண் எழுதியிருக்கும். பெயரை நாலைந்து விதமாக எழுத்துக்கூட்டித் தேடுங்கள். முனியம்மாவும் முத்துசாமியும் பட்டியலில் நாம் எழுதுகிற மாதிரி இருக்க மாட்டார்கள்.

எண் கிடைத்ததும் 2, 3, 5 என்று வகுத்துக்கொண்டே போங்கள். ஐந்து இலக்க எண் என்றால் 313-ஓடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு உட்பட்ட பகா எண்கள் 65தான்.

என் ஆயாவின் தாத்தா எண் ஐந்து இலக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலறை மேசையில் உட்கார்ந்து வகுத்தேன். 313 வரை போயும் மீதி வந்துகொண்டே இருந்தது, பகா எண். இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு என்று அவர் வரியில் எழுதியிருந்தது. அடுத்த வரி அவர் மனைவியுடையது. கணவன் எண்ணோடு ஒன்று கூட்டினால் அவள் எண். அதற்கு 40 வகுத்திகள்.